டைக்ஸ்ட்ரா சரிதான், கிராஃபைத் திருத்துங்கள்: சிங்கப்பூரில் பஸ், எம்ஆர்டி வழி கணிக்கும் முறை

கேள்வி சுருக்கமாக: ஈசூனில் வசிக்கும் ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில், ஆகக் குறுகிய வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா அல்காரிதம் படித்திருக்கிறார். பஸ்ஸையும் எம்ஆர்டி ரயிலையும் சேர்த்து வழி கணிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினார். அது சொல்லும் வழிகள் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. இரண்டு நிறுத்தத்துக்காகப் பஸ் மாறச் சொல்கிறது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பஸ்ஸை உடனே வருவதுபோல் எடுத்துக்கொள்கிறது. ஏ-ஸ்டார் போன்ற வேறு அல்காரிதத்துக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்கிறார்.

மாற வேண்டாம். கிராஃப் என்பது இடங்களை முனைகளாகவும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை இணைப்புகளாகவும் வைத்த வலை; எடை என்பது ஓர் இணைப்பைக் கடக்க ஆகும் நேரம். இணைப்புகளின் எடையில் எதிர்மறை எண் இல்லாதவரை, நீங்கள் கொடுத்த கிராஃபுக்கு ஆகக் குறைந்த எடையுள்ள வழியை டைக்ஸ்ட்ரா தவறாமல் கண்டுபிடிக்கும். உங்கள் கிராஃபில் வண்டி மாறுவதற்கு எடையே இல்லை. அதனால் அது தயங்காமல் மாறச் சொல்கிறது. காத்திருப்புக்கும் எடை இல்லை, அதனால் எந்த பஸ்ஸும் உடனே வருகிறது. ஏ-ஸ்டாருக்குப் போனால் இதே தவறான விடை கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை 1956ல் யோசித்ததே ஒரு பயணக் கேள்விக்காக. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு ஆகக் குறுகிய வழி எது என்று புதிய கணினி ஒன்றில் பொதுமக்களுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் 64 ஊர்களைக் கொண்ட சாலை வரைபடம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 1959ல் கட்டுரையாக வெளியிட்டார். சாலைப் பயணத்தில் ஊர் ஒரு முனை, சாலை ஒரு இணைப்பு. ஊருக்குள் நுழைந்து அடுத்த சாலையில் திரும்புவதற்குப் பெரிதாக எதுவும் செலவாகாது. பொதுப் போக்குவரத்தில் அப்படி இல்லை. ஒரு நிலையத்துக்குள் நீங்கள் எந்த ரயிலில் வந்து எந்த ரயிலில் ஏறுகிறீர்கள் என்பதில்தான் பாதி நேரம் போகிறது.

நிலையம் என்பது ஒரு முனை அல்ல

இதுதான் உங்கள் நிரலில் முதலில் திருத்த வேண்டியது. தோபி காட்டை ஒரே முனையாக வைத்திருந்தால், வடக்கு தெற்குப் பாதையில் வந்தவரும் வடகிழக்குப் பாதையில் வந்தவரும் அல்காரிதத்துக்கு ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதை உடைக்க வேண்டும். தெருவில் ஒரு முனை. ஒவ்வொரு பாதைக்கும், ஒவ்வொரு திசைக்கும் ஒரு முனை. தோபி காட்டில் வடக்கு தெற்கு, வடகிழக்கு, வட்டப்பாதை என மூன்று பாதைகள், ஆளுக்கு இரண்டு திசை, தெருவையும் சேர்த்தால் ஏழு முனைகள். இவற்றுக்கிடையே மூன்று வகை இணைப்புகள் வரும்.

ஏறும் இணைப்பு தெருவிலிருந்து பாதை முனைக்குப் போகும். அதன் எடை, நுழைவாயிலிலிருந்து பிளாட்ஃபாரம்வரை நடக்கும் நேரமும் சராசரிக் காத்திருப்பும். இறங்கும் இணைப்பு பாதை முனையிலிருந்து தெருவுக்கு. அதில் நடை மட்டும்தான். மாறும் இணைப்பு ஒரு பாதை முனையிலிருந்து இன்னொன்றுக்கு. நடையும் காத்திருப்பும் சேர்ந்தது. ரயில் ஓடும் இணைப்பு எப்போதும் ஒரே பாதையின் ஒரே திசையில் உள்ள முனைகளை மட்டும்தான் சேர்க்க வேண்டும்.

திசையையும் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிட்டி ஹாலிலும் ராஃபிள்ஸ் பிளேசிலும் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்குப் பாதைகள் எதிரெதிர் பிளாட்ஃபாரத்தில் நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் அடுத்த ரயில். ஆனால் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு அப்படி மாறலாம் என்பது இரண்டு நிலையத்திலும் வேறு. தவறான நிலையத்தில் இறங்கினால் நகரும் படிக்கட்டில் மாடி மாற வேண்டும். திசை பிரிக்காத கிராஃப் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். நியூட்டனிலும் தெம்பினிசிலும் நிலைமை நேர்மாறு: டௌன்டவுன் பாதைக்கு மாற, கட்டண வாயிலைத் தாண்டி வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். 15 நிமிடத்துக்குள் மறுவாயிலில் அட்டையைத் தட்டினால் அது ஒரே பயணமாகவே கணக்காகும். கட்டணத்தில் பாதகம் இல்லை, நேரத்தில் உண்டு. ஆழமும் கணக்கில் வரும். பென்கூலன் நிலையம் தெருமட்டத்திலிருந்து 43 மீட்டர் கீழே இருக்கிறது. அங்கே ஏறும் இணைப்புக்கு, மேம்பாலத்தில் இருக்கும் ஈசூன் நிலையத்துக்குக் கொடுத்த அதே எடையைக் கொடுத்தால் கணக்கு பிசகும்.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஈசூனிலிருந்து ஃபேரர் பார்க், அதாவது சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பக்கம். மூன்று வழிகள் நியாயமானவை.

முதல் வழி: ஈசூனிலிருந்து பீஷான் (4 நிலையம்), அங்கே வட்டப்பாதைக்கு மாறி லோரோங் சுவான் வழியாக சிராங்கூன் (2), அங்கே வடகிழக்குப் பாதைக்கு மாறி உட்லீ, போத்தோங் பாசிர், பூன் கெங் தாண்டி ஃபேரர் பார்க் (4). மொத்தம் 10 நிலையம், இரண்டு மாறுதல்.

இரண்டாவது: ஈசூனிலிருந்து தோபி காட்வரை நேராக (11), அங்கே வடகிழக்குப் பாதைக்கு மாறி லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் (2). மொத்தம் 13 நிலையம், ஒரே மாறுதல்.

மூன்றாவது: ஈசூனிலிருந்து நியூட்டன் (8), டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா (1), வடகிழக்குப் பாதையில் ஃபேரர் பார்க் (1). மொத்தம் 10 நிலையம், இரண்டு மாறுதல்.

நிலையத்துக்கு 2 நிமிடம் என்று மட்டும் வைத்தால் முதலாவதும் மூன்றாவதும் 20, இரண்டாவது 26. நிலையத்தை ஒரே முனையாக வைத்த நிரல் இரண்டாவது வழியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்போது மாறுதலைச் சேருங்கள். ஒவ்வொரு மாறுதலுக்கும் காத்திருப்பு 3 நிமிடம். நடை, கணக்குக்காக, பீஷானில் 3, சிராங்கூனில் 4, தோபி காட்டில் 5, நியூட்டனில் 6, லிட்டில் இந்தியாவில் 4 என்று வைப்போம். முதல் வழி 20 + 6 + 7 = 33. இரண்டாவது 26 + 8 = 34. மூன்றாவது 20 + 9 + 7 = 36. ஆறு நிமிட வித்தியாசம் ஒரே நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கைக்குழந்தையோடு போகிறவர், முட்டிவலி உள்ளவர், தேக்காவில் வாங்கிய காய்கறிப் பையோடு திரும்புகிறவர் என யாரும் அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு தடவை மாறமாட்டார்கள். ஒரு மாறுதலுக்கு 5 நிமிடம் தொந்தரவுக் கணக்கு என்று கூடுதல் எடை வைத்தால், 43க்கு எதிராக 39 என்று இரண்டாவது வழி தானாக முன்னுக்கு வந்துவிடும்.

மேலே கொடுத்த நடை நேரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அடிக்கடி மாறும் நிலையங்கள் எட்டோ பத்தோதான் இருக்கும். கதவு திறந்ததிலிருந்து அடுத்த பிளாட்ஃபாரத்தில் நிற்கும்வரை கைப்பேசியில் ஒருமுறை அளந்து போடுங்கள். உச்ச நேரத்தில் ஒன்று, மற்ற நேரத்தில் ஒன்று. இந்தப் பத்து எண்கள் உங்கள் விடைகளை மாற்றுகிற அளவுக்கு எந்த அல்காரிதமும் மாற்றாது.

பஸ்ஸுக்கான தரவு எங்கே, அதில் எது சறுக்கும்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில் பதிவு செய்தால், நிரல் தரவைக் கேட்டு வாங்குவதற்கான கணக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியவை நான்கு: பஸ் நிறுத்தங்கள், பஸ் சேவைகள், பஸ் வழித்தடங்கள், பஸ் வருகை. முதல் மூன்றும் ஒரு அழைப்புக்கு 500 வரிசைதான் தரும். 500, 1000, 1500 என்று தாண்டித் தாண்டி, வெறுமை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் 500 நிறுத்தத்தோடு நின்றுவிட்டு, தீவின் பெரும்பகுதி காணாமல்போனதற்கு அல்காரிதத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல் நிறுத்தங்கள் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

வழித்தடத் தரவின் ஒவ்வொரு வரிசையிலும் சேவை எண், திசை, நிறுத்த வரிசை எண், ஐந்து இலக்க நிறுத்தக் குறியீடு, தொடக்கத்திலிருந்து கிலோமீட்டர் தூரம், வார நாள், சனி, ஞாயிறு ஆகியவற்றுக்கான முதல் பஸ், கடைசி பஸ் நேரம் எல்லாம் இருக்கும். இதில் மூன்று குழிகள்.

ஒன்று, வட்டமாகச் சுற்றி வரும் சேவைகள். நகருக்குள் ஓடும் இணைப்பு பஸ்கள் பல, கிளம்பிய சந்திப்பு நிலையத்துக்கே திரும்பும். ஒரே நிறுத்தக் குறியீடு ஒரே சேவையில் இரண்டு தடவை வரும். சேவை எண்ணையும் நிறுத்தக் குறியீட்டையும் சேர்த்து முனைக்குப் பெயர் வைத்தால் தொடக்கமும் முடிவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, பஸ் நேரமே ஆகாமல் தாவிவிடும். சேவை, திசை, வரிசை எண் மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள்.

இரண்டு, நள்ளிரவு. கடைசி பஸ் 0015 என்றால் அது அடுத்த நாளின் தொடக்கம் அல்ல, இன்றைய சேவையின் முடிவு. முதல் பஸ் 0530, கடைசி பஸ் 0015 என்று வரும்போது, கடைசி நேரம் முதல் நேரத்தைவிடச் சிறியதாக இருந்தால் அதோடு 24 மணி நேரத்தைக் கூட்டி 2415 ஆக வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் இரவு பத்து மணிக்கு ஊரில் பஸ்ஸே இல்லை என்று நிரல் சொல்லும்.

மூன்று, எதிரெதிர் நிறுத்தங்கள். சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் அல்லது எதிர்ப்புறம் என்ற முன்னொட்டோடு இருக்கும். குறியீடு பெரும்பாலும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். பெயரை வைத்து ஒன்றாக்காதீர்கள். பெரிய சாலையாக இருந்தால் நடைமேம்பாலம் ஏறி இறங்க 3 நிமிடம் ஆகும், அதுவும் ஓர் இணைப்புதான்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பஸ் வந்துசேரும் கால அட்டவணை இந்தத் தரவில் இல்லை. இருப்பது இரண்டு பஸ்களுக்கு இடைப்பட்ட நேரம் மட்டும்: காலை உச்சம், பகல், மாலை உச்சம், இரவு என்று நான்காகப் பிரித்து, 08-12 என்பதுபோல் தந்திருப்பார்கள். இதைக் கவனிப்பது முக்கியம். ராப்டர், இணைப்பு வருடல் போன்ற புதிய முறைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மிக வேகமானவை, ஆனால் நிமிடத் துல்லியமான அட்டவணையை நம்பி எழுதப்பட்டவை. உங்களிடம் இருப்பது இடைவெளி. ஆகவே ஏறும் இணைப்பில் சராசரிக் காத்திருப்பை எடையாக வைக்கும் எளிய முறைதான் உங்களுக்குப் பொருத்தம்.

ஓடும் நேரத்துக்குத் தொடக்கத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வையுங்கள். அதாவது நிமிடத்துக்கு 300 மீட்டர். 400 மீட்டர் தள்ளியுள்ள அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் 20 விநாடி. விரைவுச்சாலையில் நிற்காமல் ஓடும் பகுதிக்கு இந்த வேகம் மிகக் குறைவு, சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு மாலைக்கு மிக அதிகம். பஸ் வருகைத் தரவு அடுத்த மூன்று பஸ்களின் உத்தேச வருகையைத் தருகிறது. உங்கள் பாதையில் இரண்டு நிறுத்தங்களை எடுத்து, ஒரே பஸ் இரண்டுக்கும் எப்போது வரும் என்பதைக் குறித்துக்கொண்டே வந்தால், இரண்டு வாரத்தில் அந்தப் பகுதிக்கு மணிவாரியாக நம்பகமான நேரம் கிடைத்துவிடும். வருகை நேரம் பஸ்ஸின் இருப்பிடத்தைக் கொண்டு கணித்ததா, அட்டவணையை மட்டும் வைத்துச் சொன்னதா என்று ஒரு குறியும் அதில் இருக்கும். இரண்டாவது வகையைத் தள்ளிவிடுங்கள்.

காத்திருப்பு: இடைவெளியில் பாதி என்பது எப்போது பொய்யாகும்

10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இது பஸ்கள் சீராக வந்தால்தான். இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்னால் போகிற பஸ் தாமதமானால் அதற்காகக் காத்திருப்பவர் கூடுகிறார்கள், ஏற்ற நேரமாகிறது, மேலும் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஆளே இல்லை, அது நெருங்கிவிடுகிறது. இரண்டு பஸ்ஸும் ஒன்றாக வந்தால், கணக்குப்படி மணிக்கு ஆறு பஸ்தான், ஆனால் உண்மையில் 20 நிமிடத்துக்கு ஒரு வருகை. சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம், இரு மடங்கு. நீண்ட தூரம் ஓடி வரும் சேவைகளின் பின்பாதியில் இது அதிகம். அதனால் தொடக்க நிலையத்தில் ஏறுகிறவருக்கு இடைவெளியில் பாதி, வழித்தடத்தின் முடிவுப் பக்கம் ஏறுகிறவருக்கு முக்கால் பங்கு என்று வைப்பது நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் நிறுத்தத்திலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்கு இரண்டு சேவைகள் போகின்றன, இரண்டும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவீர்கள். டைக்ஸ்ட்ராவோ ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து 5 நிமிடம் காத்திருப்பு என்று எழுதிவிடும். உண்மையில் இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால் சராசரி 3.3 நிமிடம், சரியாக மாறி மாறி வந்தால் 2.5. மூன்று, நான்கு சேவைகள் சேர்ந்து ஓடும் பெரிய சாலைகளில் இந்த வித்தியாசம் வழியையே மாற்றும். அடிக்கடி பஸ் வரும் சாலையை நிரல் அநியாயமாகத் தண்டித்து, ஒற்றைச் சேவை ஓடும் உள்சாலையைப் பரிந்துரைக்கும். தீர்வு: ஒரே இரு நிறுத்தங்களுக்கிடையே போகும் சேவைகளை ஒரு கூட்டுச் சேவையாக வைத்து, மணிக்கு எத்தனை பஸ் என்பதைக் கூட்டி, அதிலிருந்து இடைவெளியைக் கணக்கிடுங்கள். சுற்றிப் போகும் மெதுவான சேவையை இந்தக் கூட்டில் சேர்க்கக் கூடாது. விதி எளிது: அது எதிரே வந்து நின்றால் ஏறுவீர்களா, அடுத்ததற்கு நிற்பீர்களா? அதன் ஓடும் நேரம், மற்றவற்றின் காத்திருப்பும் ஓடும் நேரமும் சேர்ந்ததைவிட அதிகமென்றால் விட்டுவிடுங்கள்.

நடை

நிமிடத்துக்கு 80 மீட்டர். முதியோருக்கு 55, 60 என்று குறையுங்கள். இரண்டு நிறுத்தங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து வரும் நேர்கோட்டுத் தூரத்தை 1.3 ஆல் பெருக்கினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் ஓரளவு சரியாக வரும். அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் வழியாகக் குறுக்கே போக முடியும் என்பதால். ஆனால் நடுவில் பிஐஇ போன்ற விரைவுச்சாலையோ கால்வாயோ வந்தால் இந்தக் கணக்கு முழுத் தவறு. 150 மீட்டர் என்று தெரிவது 900 மீட்டர் சுற்றாக இருக்கலாம். நிரல் விசித்திரமான ஒரு மாறுதலைச் சொன்னால் முதலில் நடை இணைப்பைச் சந்தேகப்படுங்கள். முறையான வழி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் நடைபாதைத் தரவில் தனியாக ஒரு டைக்ஸ்ட்ரா ஓட்டி, 400 மீட்டருக்குள் இருக்கும் நிறுத்த இணைகளுக்கு உண்மையான நடைத் தூரத்தை முன்கூட்டியே சேமித்துவைப்பது. மழைக்காலத்துக்குக் கூரையுள்ள நடைபாதைக்குக் குறைந்த எடை, வெட்டவெளிக்கு ஒன்றரை மடங்கு என்று இரண்டாவது எடைத் தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் பெரும்பாலும் கூரை இருக்கும்.

பேருந்தில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும் வெயிலில் நடக்கும் பத்து நிமிடமும் ஒன்றல்ல. போக்குவரத்துத் திட்டமிடலில் நடையையும் காத்திருப்பையும் ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எண்ணுவது வழக்கம். ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்தப் பெருக்கம். திரையில் காட்டும்போது உண்மையான நிமிடத்தைத் தனியாகக் கூட்டிக் காட்டுங்கள்; இரண்டையும் குழப்பினால் 40 நிமிடப் பயணம் 55 என்று தெரியும்.

அல்காரிதத்தை ஓட்டுவது

இவ்வளவும் சேர்ந்தால் சில பத்தாயிரம் முனைகள். பைத்தானின் ஹீப்கியூவை, ஆகக் குறைந்ததை முதலில் தரும் முன்னுரிமை வரிசையாக வைத்து எழுதிய சாதாரண டைக்ஸ்ட்ரா இதை ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். தொடக்க முனைக்கு 0 கொடுத்து வரிசையில் போடுங்கள். ஆகக் குறைந்த நேரமுள்ள முனையை வெளியே எடுங்கள். அது ஏற்கெனவே முடிவானது என்றால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். இல்லையென்றால் முடிவானதாகக் குறித்து, அதன் ஒவ்வொரு இணைப்பிலும் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, முன்னால் தெரிந்ததைவிடக் குறைந்தால் புதிய நேரத்தையும் எங்கிருந்து வந்தோம் என்பதையும் எழுதி வரிசையில் சேருங்கள். சேரிட முனை வெளியே வரும்போதுதான் நிறுத்த வேண்டும். அது முதன்முதலில் வரிசைக்குள் நுழையும்போதே நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது கிடைப்பது ஏதோ ஒரு வழி, ஆகக் குறுகியது அல்ல.

ஏ-ஸ்டார் 1968ல் வந்தது. இலக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற மதிப்பீட்டைச் சேர்த்து, தேடலை இலக்குப் பக்கம் சாய்க்கிறது. அந்த மதிப்பீடு உண்மையைவிட அதிகமாகிவிடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. காருக்கு வழி கணிக்கும்போது நேர்கோட்டுத் தூரத்தை, விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பான 90 கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். 18 கிலோமீட்டர் என்றால் 12 நிமிடம். சராசரி வேகம் 40 என்று நினைத்து அதால் வகுத்தால் 27 நிமிடம் வரும். விரைவுச்சாலையில் 20 நிமிடத்தில் போகும் வழியை அல்காரிதம் தவறவிடலாம். கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர் உள்ள தீவுக்கு இந்தச் சேமிப்பு பெரிய விஷயமில்லை.

நேரத்துக்கு நேரம் மாறும் எடைகளையும் டைக்ஸ்ட்ரா தாங்கும், முனைக்கு வந்து சேரும் நேரத்தைப் பொறுத்து அடுத்த இணைப்பின் எடையை எடுத்தால் போதும். ஒரே நிபந்தனை: ஒரே இணைப்பில் பின்னால் நுழைந்தவர் முன்னால் நுழைந்தவரைவிட முந்திச் சேரக் கூடாது. 8:29க்கு உச்ச நேர எடை 20, 8:31க்குச் சாதாரண எடை 12 என்று வைத்தால் முன்னவர் 8:49க்கும் பின்னவர் 8:43க்கும் சேருவார்கள். சாலையில் அப்படி நடக்காது. அரை மணி நேரத்தில் எடை படிப்படியாகக் குறையும்படி வையுங்கள். காரில் போகிறவருக்கு மின்னியல் சாலைக் கட்டணம் இதே சிக்கலைப் பண வடிவில் கொண்டுவரும். நேரத்துக்குத் தக்க கட்டணம் மாறுவதால், சில நிமிடம் தாமதித்தால் உண்மையிலேயே செலவு குறையும். பணத்தை எடையாக வைத்தால், சீக்கிரம் சேருவது எப்போதும் நல்லது என்ற அடிப்படை அங்கே உடைந்துவிடும். அதனால் கிளம்பும் நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாக நகர்த்தித் தனித்தனியாக ஓட்டி ஒப்பிடுவதே பாதுகாப்பானது. ஒரு மணி நேரத்தை 20 வெள்ளியாக மதித்தால் ஒரு வெள்ளி 3 நிமிடம்; 3 வெள்ளிக் கட்டணத்தைத் தவிர்க்க 9 நிமிடத்துக்குமேல் சுற்றுவதில் பொருளில்லை.

பஸ், ரயில் கட்டணத்தை இணைப்பு இணைப்பாகக் கூட்டாதீர்கள். 2010 ஜூலை முதல் கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தான், மாறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வழியைக் கண்டுபிடித்தபிறகு மொத்தக் கிலோமீட்டரைக் கட்டணப் பட்டியலில் பாருங்கள். கூடவே விதிகளையும் சரிபாருங்கள்: இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து மாறுதல், பஸ் மாற 45 நிமிடம், அடுத்தடுத்து ஒரே சேவை எண் கூடாது. மாதப் பயண அட்டை உள்ளவர் கட்டணத்தை மறந்துவிடலாம். வார நாளில் காலை 7:45க்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டுகிறவருக்கு 50 காசுவரை கழிவு உண்டு.

ஒரே விடையை நம்பாமல்

வேகமும் மாறுதலும் மோதும்போது ஒரு விடை போதாது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு நேரம் என்பதற்குப் பதில், எத்தனை வண்டி ஏறியபின் என்ன நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வண்டியில் 52 நிமிடம், இரண்டில் 41, மூன்றில் 40 என்று மூன்று விடை கிடைக்கும், எதை எடுப்பது என்று பார்த்ததும் தெரியும். நான்கு வண்டிக்குமேல் தேட வேண்டாம். முற்றிலும் வேறான மாற்று வழி வேண்டுமென்றால், முதல் வழியின் இணைப்புகளின் எடையை 1.4 ஆல் பெருக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடுத்த சிறந்த வழிகளை வரிசையாகத் தரும் யென் முறையும் இருக்கிறது, ஆனால் அது ஒரு நிறுத்தம் தள்ளி மாறும் ஒரே வழியைத்தான் ஐந்து தடவை தரும்.

விமானத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிறீர்கள் என்றால் சராசரியை விட்டு மோசமான நாளைக் கணக்கிடுங்கள். காத்திருப்புக்குப் பாதி இடைவெளி அல்ல, முழு இடைவெளி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பஸ்ஸுக்கு மாறும் வழி, சராசரியில் 4 நிமிடம் லாபமாகத் தெரியும். மோசமான நாளில் 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் வழியிடம் தோற்றுவிடும். ஒன்பது மணிக்குள் சேர வேண்டும் என்றால் இணைப்புகளைத் திருப்பிவைத்து, சேரிடத்திலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்று அதுவே சொல்லும். அதிலிருந்து மின்தூக்கிக்கும் கீழே இறங்குவதற்கும் 3 நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள். எல்லா வழிக்கும் பொதுவானதால் தேர்வை அது மாற்றாது, கிளம்பும் நேரத்தை மாற்றும்.

சாலை மூடும் நாள்களுக்கு ஒரு தனிக் கோப்பு வையுங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடுவரை சுமார் 3 கிலோமீட்டருக்கு ஊர்வலம் போகும். தடங்கள் மூடப்படும், பஸ்கள் திருப்பிவிடப்படும். டேட்டாமாலின் வழித்தடத் தரவு வழக்கமான பாதையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். முன்கூட்டியே வரும் அறிவிப்பைப் பார்த்து, தவிர்க்கப்படும் நிறுத்தங்களின் ஏறும் இறங்கும் இணைப்புகளை அந்தத் தேதிக்கு நீக்குங்கள். ஓடும் இணைப்புகளை வெட்ட வேண்டாம். பஸ் வேறு சாலையில் போய் மறுபடி சேர்ந்துவிடும், அதற்கு 10 அல்லது 15 நிமிடம் கூட்டினால் போதும். ரயில் பராமரிப்புக்காக ஒரு பகுதியில் சேவையை நிறுத்தி இடைவழிப் பஸ் விடும் நாள்களில், அந்த ரயில் இணைப்புகளை நீக்கிவிட்டுப் பஸ்ஸைப் புதிய பாதையாகச் சேருங்கள்.

சனிக்கிழமை தேக்கா, தபால் நிலையம், கோயில், பிள்ளையின் டியூஷன் என்று நாலைந்து இடம் போக வேண்டியிருந்தால் அது வேறு கணக்கு. எந்த வரிசையில் போவது என்பதை டைக்ஸ்ட்ரா தானாகச் சொல்லாது. முதலில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஓர் அட்டவணை செய்யுங்கள். போகவர நேரம் ஒன்றாக இருக்காது, இரு திசையும் தனித்தனியே வேண்டும். ஐந்து இடத்துக்கு 120 வரிசை, ஆறுக்கு 720. எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. பகலில் நடை சாத்தும் கோயில், சனி மதியம் மூடும் அலுவலகம் போன்ற நேரக் கட்டுப்பாட்டுக்குள் வராத வரிசைகளை முதலிலேயே கழித்துவிடலாம். எட்டு இடம்வரை இப்படியே முழுதாகத் தேடலாம்: 40,320 வரிசை, பைத்தானுக்குச் சில விநாடிக்குள் முடியும்.